முள்

எடைக்கல் வைக்கும் தட்டின் அடியில்
ஒரு காந்தம் ஒட்டியிருந்தது.
உடைந்த ரேடியோவின் ஒலிபெருக்கியிலிருந்து
நானே பிடுங்கியது.
நூற்றைம்பது கிராம்.

விக்டோரியா ஏரியின் இந்தக் கரையில்
ஒன்பது வருடம்
ஒவ்வொரு நிறுவைக்கும்
நூற்றைம்பது கிராம் மீன்
கணக்கில் ஏறாமல்
எங்கள் லாரிக்குள் நீந்திப் போனது.
பாதி எனக்கு, பாதி முதலாளி ஒடேரோவுக்கு.

அதிகாரியின் ஜீப் சத்தம் கேட்டால்
ஒரே தடவல், காந்தம் பைக்குள்.
அவர் முன்னால் முள் நடுவில் நிற்கும்,
ஞாயிறு காலை கோயிலில்
பாட்டுப் புத்தகத்தோடு நிற்கும் என்னைப் போல.

அலுவோச்சின் படகு கவிழ்ந்த மழைக்காலம்.
இரண்டு வலையும் போய்
ஒரே ஒரு ம்புட்டா மீனோடு வந்தாள்.
அன்றும் எடுக்கவில்லை காந்தத்தை.
அன்றிரவு தொண்டையில் முள் சிக்கியது.
உகாலியை உருட்டி விழுங்கினேன்,
வாழைப்பழம் விழுங்கினேன்.
முள் இறங்கிவிட்டது.
குத்தல் இறங்கவில்லை.

மாட்டை விற்று,
போதாத பணத்தோடு போனேன்.
ஒமேனாப் பொடிமீனை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள்.
நான் சொல்லி முடிக்கும்வரை
கையை நிறுத்தவில்லை.

“மூன்றாம் வருடமே தெரியும், ஒகோல்லா.
என் மகன் தட்டின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டான்.
உன்னை அடிக்கக் கிளம்பினார்கள். விடவில்லை.
உன் கணக்கெழுதிய தாளை அன்றே
அடுப்பில் போட்டேன்.
சாம்பலுக்கு எப்படிக் கடன் அடைப்பாய்?
மற்றவர்களுடையது வேறு. அவர்களிடம் போ.”

போனேன்.
ஒபுயா இரண்டு முறை எண்ணி வாங்கினான்.
இன்னொருவன் கன்னத்தில் அறைந்துவிட்டு
சரியாய்ப் போயிற்று என்றான்.
அவையெல்லாம் எளிதாக இருந்தன.

அவள்மேல்தான் கோபம் வந்தது.
அடைத்திருந்தால் தலை நிமிர்ந்து திரும்பியிருப்பேன்.
இப்போது காலில் சங்கிலியும் இல்லை,
நான்தான் அறுத்தேன் என்று காட்ட
கையில் அரமும் இல்லை.
கிருபை என்று இருபது வருடம் பாடியிருக்கிறேன்.
அது இவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று
பாட்டில் இல்லை.
தாளைக் கிழித்தது அவள் கை.
கிழிபட்டவர் வேறொருவர்
என்று பாதி வழியில் உறைத்தது.
நாணல் ஓரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ஒடேரோ சொன்னான்:
“மன்னித்துவிட்டாள் இல்லையா, பிறகென்ன?
ஒட்டு. மறுபடி மன்னிப்பாள்.”

அவன் கணக்கில் பிழையில்லை.
மன்னிப்பாள்.
அதனால்தான் முடியவில்லை.
பயந்த நாளெல்லாம் முடிந்தது;
ஜீப்பின் புழுதி அடங்கும்வரைதான் பயம்.
இது அடங்கவில்லை.

வேலை போயிற்று.
மீனவர் சங்கம் மூன்று வாரம் சண்டையிட்டு
என்னைத் தராசடியில் உட்காரவைத்தது.

கை மட்டும் இன்னும் சேதி கேட்கவில்லை.
கல் வைத்ததும் தானாகத்
தட்டின் அடிக்குப் போகிறது,
எஜமான் செத்தது தெரியாமல்
கதவருகே காத்து நிற்கும் வேலையாள்போல.
அவன் இல்லை, வா, என்கிறேன்.
இனி வேறொருவர்.
கூலி கேட்காதே,
முதலிலேயே கொடுத்துவிட்டார்.
சில நாள் கேட்கிறது.
சில நாள் இரண்டு முறை சொல்ல வேண்டும்.

காந்தம் படகு கட்டும் ஒண்டிட்டியிடம் இருக்கிறது.
கயிற்றில் கட்டி மணலில் இழுக்கிறான்.
உதிர்ந்த ஆணிகள், துருப்பிடித்த தூண்டில் முட்கள்
தாவி வந்து ஒட்டுகின்றன,
வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடிவருமுன்.
அதே காந்தம்தான்.
அதே இழுப்பு.

அலுவோச்சின் மகன் தினமும் வருகிறான்.
மீனை வைப்பதற்கு முன்
குனிந்து தட்டின் அடியைத் தடவுகிறான்.
அவன் அம்மா திட்டுகிறாள்.
தடவட்டும்.
அவனுக்கு எட்டும்படி
தட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறேன்.